அரசு அலுவலகத்தில் செயற்கை நுண்ணறிவு: நம் பெயர்களும் நம் பத்திரங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசித்து முடிந்த பின்னர் பேச வருபவருக்கு மீதமிருப்பது சிறிது நேரமே. இம்முறை நமக்குத் தரப்பட்ட தலைப்போ பெரியது: அரசு நிர்வாகத்தில் செயற்கை நுண்ணறிவு. தலைப்பை அறிவித்தபோது பின்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்த்ததைக் கவனித்தோம். நாம் பேசப்போவது ரேஷன் அட்டையையும், முதியோர் ஓய்வூதியத்தையும், அங்கன்வாடியில் தரும் சத்துணவையும் பற்றித்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

செயற்கை நுண்ணறிவு என்றதும் கேட்ட கேள்விக்குக் கட்டுரை எழுதித் தரும் செயலிகளே நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகின்றன. அரசு அலுவலகங்களில் அதற்கு முன்பிருந்தே வேலை செய்து வருவது வேறொரு வகை. பல துறைகளின் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இந்த ஏட்டில் உள்ளவரும் அந்த ஏட்டில் உள்ளவரும் ஒரே ஆள்தான் என்று தீர்மானிப்பது அதன் வேலை. கேட்பதற்கு எளிமையான குமாஸ்தா வேலை போலத் தோன்றும். அது என்ன செய்யக்கூடும் என்பதற்கு ஹைதராபாத்தில் நடந்ததைச் சொல்கிறோம்.

தெலுங்கானா அரசு ‘சமக்ர வேதிகா’ என்ற கணினி அமைப்பை உருவாக்கியது. வாகனப் பதிவு, சொத்து விவரம் முதலான பல துறைகளின் ஏடுகளைக் கோத்து, ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் ஒரு முழுச் சித்திரம் வரைவதே அதன் நோக்கம். கார் வைத்திருப்பவருக்கு மானிய அரிசி இல்லை என்பது விதி. ஆகவே கார் உடையவர் யார் என்று பொறியிடம் கேட்டனர். 2014 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில் அம்மாநிலத்தில் 18 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவுப் பாதுகாப்பு அட்டைகள் நீக்கப்பட்டன. புதிதாக அட்டை கேட்ட 1,42,086 விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. உரியவர்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை. கடைக்குப் போய்ப் பையை நீட்டியபோதுதான் அட்டை இல்லை என்பதே தெரிந்தது.

அப்படித் தெரிந்துகொண்டவர்களுள் ஒருவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மூதாட்டி. அவருடைய கணவர் ரிக்ஷா ஓட்டியவர். அந்த ரிக்ஷாக்காரருக்குக் கார் இருப்பதாகப் பொறி சொல்லிவிட்டது. உண்மையில் காரின் சொந்தக்காரர் வேறொருவர். இருவர் பெயரிலும் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் ஒன்று. காருடையவரின் பெயரில் நடுவே மேலும் ஒரு சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பொறி பொருட்படுத்தவில்லை. ரிக்ஷாக்காரரின் வீட்டுக்கு ஒருமுறை போய் எட்டிப் பார்த்திருந்தால் எந்த அதிகாரிக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கக்கூடிய செய்தி அது.

சமூக ஆர்வலர் எஸ்.கியூ. மசூத் அவர்கள் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நீக்கப்பட்ட சுமார் 19 இலட்சம் அட்டைகளையும் நேரில் சென்று மறு ஆய்வு செய்யுமாறு ஆணையிட்டது. மறு ஆய்வு கேட்டு வந்தவை 4,91,899 விண்ணப்பங்கள். அவ்வாண்டு ஜூலைக்குள் ஆராயப்பட்டவை 2,05,734. அவற்றுள் 15,471 ஏற்கப்பட்டன. அதாவது நூற்றுக்கு ஏழரை. பொறியை விற்பவர் இதனைச் சிறு பிழை என்பார். 200 அட்டைகளை இவ்வாறு நீக்கினால் 15 வீடுகளின் அரிசி தவறாக நின்றது என்று நாம் படிக்கிறோம். மறு ஆய்வு கேட்கவே வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

பொறி எவ்வாறு இத்தகைய முடிவுக்கு வருகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. இரண்டு ஏடுகளில் உள்ள இரு பெயர்களை எடுத்துக்கொண்டு, எழுத்து எவ்வளவு ஒத்திருக்கிறது, தகப்பனார் பெயர் ஒத்திருக்கிறதா, வயது, முகவரி எவ்வளவு நெருங்குகின்றன என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும். கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் இருவரும் ஒருவரே என்று எழுதிவிடும். அந்த எல்லையை நிர்ணயிப்பவர் மனிதர்தான். கடற்கரை ஊர்க்காரர்களாகிய நமக்கு இதை வலைக்கண் என்று சொன்னால் போதும். கண்ணைச் சிறிதாக்கினால் பொடிமீனெல்லாம் சிக்கிச் சாகும். பெரிதாக்கினால் பிடிபட வேண்டியதும் நழுவிவிடும். எந்தக் கண் என்று முடிவு செய்தவர் யார், எதை வைத்து முடிவு செய்தார் என்று கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு இருக்க வேண்டும். தெலுங்கானாவில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிரலைக் கேட்டபோது, அது தனியார் நிறுவனத்துக்கு உரியது என்று மறுத்துவிட்டனர். வரிப்பணத்தில் வாங்கிய தராசின் படிக்கல்லை வாங்கியவரே பார்க்கக்கூடாதாம்!

இது தெலுங்கானாவின் கதை, நமக்கென்ன என்று யாரும் எண்ண வேண்டாம். பெயர்களை ஒப்பிடும் பொறிக்குப் புதுச்சேரி முஸ்லிம்களைப் போன்ற சோதனை வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

நம் முன்னோரின் பிறப்பும் திருமணமும் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறின. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. அதன்பின் ஆங்கில எழுத்தில் பெயர்கள் ஏறலாயின. அப்துல் என்ற பெயரில் உள்ள உகரத்துக்கு ஆங்கிலத்தார் ஓர் எழுத்துப் போடுவர்; பிரெஞ்சுக்காரர் இரண்டு எழுத்துப் போடுவர். காதர் என்பதன் முதலெழுத்துக்குப் பிரெஞ்சு ஏட்டில் ஓர் எழுத்தும், ஆங்கிலப் பள்ளிச் சான்றிதழில் வேறோர் எழுத்தும், வளைகுடா சென்று வந்தவரின் கடவுச்சீட்டில் மூன்றாவது எழுத்தும் காணலாம். பெண்களின் பெயர்களுக்கோ சொல்லவே வேண்டாம். ஃபாத்திமா, பாத்திமா, பாத்திமா பீ, பாத்திமா பீவி, பாத்திமா பேகம், பாத்தும்மாள் என்று ஒரே தாயார் ஆறு தாள்களில் ஆறு பேராக இருப்பார். முன்னெழுத்து சில தாள்களில் பெயருக்கு முன்னும் சிலவற்றில் பின்னும் நிற்கும். சிலவற்றில் அது விரிந்து தகப்பனார் பெயராக ஒட்டிக்கொள்ளும். பிறந்த தேதி தெரியாத முதியோருக்கு வசதிக்காக ஜனவரி 1 என்று எழுதி வைத்த தாள்களும் ஏராளம்.

ஆகவே நமக்கு இரு பக்கமும் இடி. ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். அப்போது பணம் வந்து சேராது. இரண்டு பேர் ஒரே ஆளாகத் தெரிவார்கள். அப்போது ஒருவரின் காருக்காக இன்னொருவரின் அரிசி நிற்கும். முஹம்மது, அலி, ஃபாத்திமா, மர்யம் என்று நன்மையை நாடிச் சிலவே பெயர்களைத் திரும்பத் திரும்பச் சூட்டுகிற சமுதாயத்தில் இரண்டாவது வகைப் பிழை கூடுதலாக நேரும். பொறிக்கு நம்மீது பகை ஏதுமில்லை. பெயர்வகை அதிகமுள்ள மக்களை வைத்துச் செய்த அளவுகோலைப் பெயர்வகை குறைந்த மக்கள்மீது வைத்து அளக்கிறார்கள் என்பதுதான் சங்கதி.

நம் ஊரின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. கனகசெட்டிக்குளத்திலிருந்து புதுவை நகருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர் நடுவே தமிழ்நாட்டைக் கடந்துதான் போகவேண்டும். காலாப்பட்டைத் தாண்டினால் பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் விழுப்புரம் மாவட்டம். முத்தியால்பேட்டையில்தான் மீண்டும் புதுவை. வடக்கே சிறிது தூரம் போனாலும் தமிழ்நாடே. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இந்த எல்லைகளைப் பார்த்து நடப்பதில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து இங்கு வாழவந்த பெண்ணின் பெயர் தாய்வீட்டு அட்டையில் நீக்கப்படாமல் இருக்கும், இங்கும் சேர்க்கப்படும். அக்கம்பக்கத்தாருக்கு அது நிகாஹ். இரு மாநில ஏடுகளை ஒப்பிடும் பொறிக்கு அது இரட்டைப் பதிவு.

புதுவையில் பணமும் அரிசியும் மாறி மாறி வந்த வரலாற்றை அனைவரும் அறிவீர்கள். 2015 செப்டம்பரில் சண்டிகரோடு சேர்த்து இங்கும் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறையைத் தொடங்கினர். மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டன. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் எந்த வங்கியில் விழுந்தது என்று தெரியாமல் அலைந்த தாய்மார்களை நாம் கண்டிருக்கிறோம். ஆதார் எண்ணைக் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைத்தோமோ அங்கேதான் பணம் போகும் என்ற விதி அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அதில் செயற்கை நுண்ணறிவு ஏதுமில்லை. வெறும் கணினிக்கே அந்த அலைச்சல். 2023 ஜனவரியில் சிவப்பு அட்டைக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் புதுவையில் தொடங்கியபோது, வேறு அரசு உதவி பெறாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இத்தகைய நிபந்தனைகள் எல்லாமே ஓர் ஏட்டை இன்னோர் ஏட்டோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கப்படும். நாளை அவ்வேலை முழுவதையும் பொறியிடம் ஒப்படைப்பது எந்த அரசுக்கும் எளிதாகத் தோன்றும்.

முகத்தைப் பார்த்து ஆளை அறியும் பொறி ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் அங்கன்வாடியிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுக்கு, ‘போஷன் டிராக்கர்’ செயலியில் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை 2025 ஜூலை 1 முதல் மத்திய அரசு நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. பணியாளர் பெண்ணே என்பதால் முகத்திரை அணியும் சகோதரிகளுக்கு அந்த இடத்தில் சங்கடம் குறைவு. ஆயினும் அந்தப் படம் எங்கே போய்த் தங்குகிறது, யார் யார் பார்க்க முடியும், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பேறுகாலத்தில் முகம் வீங்கிப் பொறி அடையாளம் கொள்ளாவிட்டால், அன்றைய பொட்டலத்தைக் கொடுத்தனுப்பப் பணியாளருக்கு அதிகாரம் உண்டா என்பது அதைவிட அவசரமான கேள்வி.

வளர்ந்த நாடுகளில் இவையெல்லாம் சரியாக நடக்கின்றன என்று எண்ணுவதும் பிழை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்யக்கூடியவர் யார் என்று கணிக்க வரித்துறை ஒரு பொறியை வைத்திருந்தது. டச்சுக் குடியுரிமை இல்லாதவர் என்பதையே ஆபத்துக் குறியாக அது எடுத்துக்கொண்டது. படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டதற்காகப் பல்லாண்டுத் தொகையைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. வீடிழந்தோர் உண்டு, மணமுறிவு கண்டோர் உண்டு. 2021 ஜனவரியில் அதன் பொருட்டு மார்க் ருட்டேயின் அமைச்சரவையே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவிலும் ஆண்டு வருமானத்தை இரு வாரக் கூறுகளாகச் சமமாக வகுத்து, ஏழைகள்மீது இல்லாத கடனை ஏற்றியது ஒரு தானியங்கிக் கணக்கு; 2023இல் அரச ஆணையம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. இவ்விரு இடங்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் தொடக்கத்திலிருந்தே முறையிட்டார்கள். ஆனால் முறையீட்டைக் கேட்டவர்கள் கணினியைத் திருப்பிப் பார்த்து, அதில் உள்ளதையே மீண்டும் வாசித்துக் காட்டினார்கள்.

பொறியே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழ் முதலிய மொழிகளில் பெயர்க்க 2019 முதல் ‘சுவாஸ்’ என்ற மென்பொருள் உதவி வருகிறது. 2022இல் தொடங்கிய ‘பாஷிணி’ நம் மொழியில் பேசினால் புரிந்துகொள்ளும் அரசுச் சேவைகளுக்கு அடித்தளமிடுகிறது. படுக்கையில் கிடக்கும் ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை நிரூபிக்க அலுவலகத்துக்குத் தூக்கிச் செல்லப்படாமல், கைப்பேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி 2021 நவம்பரில் வந்தது. ரேகை தேய்ந்துபோன கைகளை உடைய முதியோருக்கு இது பேருதவி. முகம் ஒத்துவராவிட்டால் பழைய வழி திறந்திருக்கும்வரை இதில் எவருக்கும் கேடில்லை.

இங்கேதான் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கொடுப்பதற்குப் பொறி தவறு செய்தால் அரசுக்குச் சில ரூபாய் நட்டம். பறிப்பதற்குத் தவறு செய்தால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. வாகன ஏட்டையும் அரிசி ஏட்டையும் ஒப்பிட முடிந்த அதே பொறியால், இறப்புப் பதிவேட்டையும் ஓய்வூதிய ஏட்டையும் ஒப்பிட்டு, கணவரை இழந்தும் விதவை உதவித்தொகை கேட்கத் தெரியாமல் இருக்கும் பெண்களின் பட்டியலைத் தயாரிக்க முடியும். அப்பட்டியலோடு ஒரு பணியாளர் வீடு தேடி வரவும் முடியும். பொறியை முதலில் எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பதே அரசின் மனநிலையைக் காட்டும். சேர்ப்பதற்குப் பொறி சொன்னால் போதும் என்று வைத்துக்கொள்ளட்டும். நீக்குவதற்கு முன் ஒரு மனிதர் வந்து பார்க்கட்டும். அரசிடம் நாம் கேட்பது இதுவே.

இது நடக்கக்கூடியதே என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியபோது வந்தவை ஏறத்தாழ 1 கோடியே 63 இலட்சம் விண்ணப்பங்கள். வருமானம், கார், மின்நுகர்வு முதலியவற்றைத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து 56 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் தள்ளினர். ஆனால் தள்ளப்பட்டவரின் கைப்பேசிக்குக் காரணம் அனுப்பப்பட்டது. 30 நாட்களுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் வழி வைத்தனர். விசாரணைக்குப் பின் அவ்வாண்டு நவம்பரில் 7 இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சேர்க்கப்பட்டனர். காரணமும் கேட்க ஓர் அதிகாரியும் இல்லாதிருந்தால் அத்தனை பேரும் விதியை நொந்துகொண்டு வீட்டிலிருந்திருப்பார்கள். இத்திட்டத்திலும் குறைகளைச் சொன்னவர்கள் உண்டு. எனினும் அந்த வாசல் இருந்தது.

அதே தமிழ்நாடு 2020இலேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பொதுமக்களுக்கென ஓர் அமைப்பைக் கொண்டுவருமுன், அது பாகுபாடு காட்டுகிறதா, தணிக்கைக்கு இடமளிக்கிறதா என்று மதிப்பெண் இட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். கொள்கைக்குச் சட்டத்தின் பலமில்லை. நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய எண்ணிம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. மானியம், உதவித்தொகை வழங்குவதற்காக அரசு நம் விவரங்களைக் கையாள அச்சட்டம் தாராளமாக இடம் தருகிறது. பொறி எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமையை அரசின்மீது அது சுமத்தவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம், அரசு உதவிக்கு யார் தகுதியானவர் என்று தீர்மானிக்கும் பொறிகளை உயர் ஆபத்துள்ளவை என வகைப்படுத்தி, மனித மேற்பார்வை வேண்டும் என்கிறது. நம் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது சாலை, குடிநீரோடு இதனையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். அவர் வியப்படைவார், அதனால் பாதகமில்லை.

சட்டம் வரும்வரை நம் கையில் உள்ளவற்றைப் பார்ப்போம். உதவி எதுவும் நின்றால், ஏன் நின்றது என்று வாயால் கேட்டுத் திரும்பிவிடாமல் எழுத்தில் கேட்க வேண்டும். மனுவின் நகலில் முத்திரை வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. வஃபாத்தானவரை அடக்கம் செய்த கையோடு 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்வதில் தாமதம் கூடாது. வாழவந்த மருமகளின் பெயரைத் தாய்வீட்டு அட்டையிலிருந்து நீக்கிச் சான்று பெற்றுக்கொண்டு பின்னர் இங்கே சேர்க்க வேண்டும். குழந்தைக்குப் பெயர் பதியும்போது எழுத்துக்கூட்டை மருத்துவமனை எழுத்தரிடம் விட்டுவிட வேண்டாம். 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். பள்ளி முதல் கடவுச்சீட்டு வரை அந்த எழுத்துக்கூட்டே அவர்களோடு நடக்கும்.

நம் ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேடும் ஓர் ஆவணம் என்பதை மறக்கலாகாது. மணமக்களின் பெயரையும் வலியின் பெயரையும் கேட்டவாறு எழுதுவதே இதுவரை வழக்கம். இனி அவர்களுடைய அரசு ஆவணத்தைப் பார்த்து அதில் உள்ளபடியே எழுதி, வீட்டில் வழங்கும் பெயரை அருகே குறித்து வைக்கும்படி நிர்வாகக் குழுவை வேண்டுகிறோம். பாத்தும்மாள்தான் ஃபாத்திமா பேகம் என்று நாளை ஓர் அதிகாரிக்குச் சொல்லக்கூடிய தாள் அதுவொன்றாகவே இருக்கக்கூடும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ளுஹர் தொழுகைக்குப் பின் இரண்டு மணி நேரம் அவர்களில் இருவர் ஜமாஅத் அலுவலகத்தில் அமர்ந்து, வருகிறவர்களின் தாள்களில் உள்ள பெயர்களை ஒப்பிட்டு, எது எதனோடு மாறுபடுகிறது, எங்கே போய்த் திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் நலம். நம் ஊராராக இல்லாவிட்டாலும், மீனவச் சகோதரர்கள் ஆனாலும், எவர் வந்தாலும் செய்து கொடுக்கட்டும். தடைக்கால நிவாரணம் அவர்களுக்கும் வங்கிக் கணக்கில்தான் வருகிறது.

வருகிறவர்கள் ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றோடு, பாட்டனார் காலத்துப் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவு வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வரவேண்டும். அதைப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிட வேண்டாம். பின்பக்கம் முத்திரையும் ஓரக் குறிப்பும் இருக்கும். அவையும் தெளிவாகத் தெரிய வேண்டும்.